எம்ஆர்ஐயின் கறுப்பும் ஸ்லைடின் நீலமும்: ஆழ்மூளைப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எம்ஆர்டியிலா வேலை?" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் தவறாமல் கேட்பார் என் சித்தப்பா. அது ரயில், என்னுடையது எம்ஆர்ஐ என்று நானும் தவறாமல் திருத்துவேன். சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், தானமாக வந்த மூளைகளின் எம்ஆர்ஐ படங்களையும் அதே மூளைகளிலிருந்து வெட்டிய திசுச் சீவல்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது என் வேலை. சொந்தக்காரர்கள், மாணவர்கள், வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருப்பவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சில பதில்கள் நீளமாகப் போகும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

எம்ஆர்ஐ என்பது மூளையின் போட்டோதானே? அதை நம்பாமல் எதற்குத் திசுவை வேறு வெட்டிப் பார்க்க வேண்டும்?

போட்டோ இல்லை. பாதிக் குழப்பம் இந்த ஓர் எண்ணத்தில்தான் தொடங்குகிறது. எம்ஆர்ஐயில் தெரிவது தண்ணீர். இன்னும் கறாராகச் சொன்னால், தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலுவான காந்தப்புலத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்பது. நரம்பணுவையோ இரும்பையோ நரம்பிழையைச் சுற்றிய மயலின் உறையையோ அது நேராகக் காட்டுவதில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர் என்ன பாடுபடுகிறது என்பதைத்தான் காட்டுகிறது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். நள்ளிரவில் மேல்வீட்டிலிருந்து கோலிக்குண்டு உருளுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். யாரோ பிள்ளை விளையாடுகிறது என்று ஒருவர் சொல்வார், தண்ணீர்க் குழாய் என்று இன்னொருவர் சொல்வார், பேய் என்று பாட்டி சொல்வார். சத்தம் உண்மைதான். எதனால் வருகிறது என்பது மேலே போய்க் கதவைத் தட்டினால்தான் தெரியும். திசுவியல் என்பது அப்படிக் கதவைத் தட்டுவது.

ஆழ்மூளை என்று எதைச் சொல்கிறீர்கள்?

மடிப்பு மடிப்பாகத் தெரியும் மேற்பரப்புக்கு வெகு கீழே, நட்டநடுவில் இருக்கும் நரம்பணுத் திரள்கள்: காடேட், பியூட்டமென், குளோபஸ் பேலிடஸ், தலாமஸ், சப்தலாமிக் நியூக்ளியஸ், சப்ஸ்டான்ஷியா நைக்ரா, சிவப்புக்கரு. இவற்றுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் சொல்ல முடியும், ஆனால் மருத்துவர் வாயிலிருந்து நீங்கள் கேட்கப்போவது இந்தப் பெயர்களைத்தான். உடல் அசைவைச் சீர்படுத்துவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. பார்க்கின்சன், தசை தானாக முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியா, சிலவகை நடுக்கங்கள் எல்லாம் இந்த வட்டாரத்து விவகாரம். சிலது ரொம்பச் சின்னது. சப்தலாமிக் நியூக்ளியஸ் ஒரு சின்னப் புளியங்கொட்டை அளவுதான் இருக்கும்.

இந்தப் பகுதிகள் மட்டும் ஏன் படத்தில் அவ்வளவு கறுப்பாக இருக்கின்றன?

பெரும்பாலும் இரும்பு. எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுக்குப் போகும் ஊர்வலத்தில் உறுமி மேளம் கேட்டிருப்பீர்கள். இருபது பேர் ஒரே தாளத்தில் அடித்தால் நெஞ்சு அதிரும். அதே இருபது பேரில் ஒவ்வொருவரும் அரை நொடி முன்னே பின்னே போனால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். எம்ஆர்ஐ கருவி தண்ணீரின் ஹைட்ரஜன் கருக்களை ஒரே தாளத்தில் சுழல வைத்து, அவை எல்லாம் சேர்ந்து எழுப்பும் சமிக்ஞையைப் பிடிக்கிறது. இரும்பு பக்கத்தில் இருந்தால் அது தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கொஞ்சம் கோணலாக்கிவிடுகிறது. அங்கங்கே இருக்கும் கருக்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று தாளம் தப்புகின்றன. சமிக்ஞை சீக்கிரமே அடங்கிப்போகிறது. அடங்கிய இடம் படத்தில் கறுப்பு. இப்படி அடங்குவதற்கு ஆகும் நேரத்தைத்தான் டி2 ஸ்டார் என்கிறோம்.

மூளையில் இந்த இரும்பு பெரும்பாலும் ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கிறது. ஒரு கூட்டுக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை கொள்ளும். எந்தப் பகுதியில் எவ்வளவு என்பதை ஸ்வீடனில் ஹால்கிரன், சவுராண்டர் என்ற இருவர் 1958-லேயே அளந்து வைத்துவிட்டார்கள். நூறு கிராம் ஈரத் திசுவுக்கு, குளோபஸ் பேலிடஸில் சுமார் 21 மில்லிகிராம், சிவப்புக்கருவில் 19, சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் 18, பியூட்டமெனில் 13, காடேட்டில் 9, தலாமஸில் 5-க்கும் குறைவு. எம்ஆர்ஐ என்ற கருவியே இல்லாத காலத்தில் வேதியியல் முறையில் எடுத்த கணக்கு இது. இன்றைக்கும் புதிதாக ஓர் இரும்பு அளவீட்டு முறையைக் கொண்டுவருபவர்கள் முதலில் இந்த எண்களோடுதான் தங்கள் முடிவை உரசிப் பார்க்கிறார்கள். பழைய வீட்டுக் கணக்கு நோட்டு மாதிரி, அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

முருங்கைக்கீரை நிறையச் சாப்பிட்டால் மூளையில் இரும்பு சேருமா?

அப்படி நேராகப் போய்க் குவியாது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் எது நுழையலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கீரையைச் சாப்பிடுங்கள்.

வயதாக ஆக ஆழ்மூளையில் இரும்பு கூடுவது எல்லோருக்கும் நடப்பது. குளோபஸ் பேலிடஸில் இளம்வயதிலேயே வேகமாக ஏறி, முப்பதையொட்டிக் கிட்டத்தட்ட நிலைக்கு வந்துவிடும். பியூட்டமெனில் இன்னும் சில பத்தாண்டுகள் மெல்ல ஏறிக்கொண்டே போகும். அதனால் எழுபது வயதுக்காரர் படத்தையும் இருபது வயதுக்காரர் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

கறுப்பு என்றால் இரும்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதற்காகவே என் வேலை இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

டி2 ஸ்டார் படத்தில் மயலினும் கறுப்பை உண்டாக்கும். நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறைதான் மயலின். சுண்ணாம்புப் படிவும் கறுப்பு. வயதானவர்களின் குளோபஸ் பேலிடஸில் இது சாதாரணமாகவே இருக்கும். சிரையில் ஓடும் ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் கறுப்பு, காற்றுக் குமிழும் கறுப்பு. ஒரே கறுப்புக்கு ஐந்தாறு வாரிசுகள் உரிமை கொண்டாடுகிறார்கள்.

இதில் இரும்பையும் மயலினையும் பிரிப்பதற்கு ஓர் அழகான வழி உண்டு. இரும்பு காந்தப்புலத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கும் பொருள். மயலினும் சுண்ணாம்பும் அதைக் கொஞ்சம் தள்ளும் பொருள்கள். டி2 ஸ்டாருக்கு இழுத்தாலும் ஒன்று, தள்ளினாலும் ஒன்று, புலம் கலைந்தால் சரி. இரண்டின் விளைவையும் அது கூட்டிக் காட்டும். கியூஎஸ்எம் என்ற முறையோ இழுப்பைக் கூட்டல் குறியாகவும் தள்ளலைக் கழித்தல் குறியாகவும் கணக்கிடும். எனவே இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல இடங்களில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆனால் ஒரே இடத்தில் இரும்பும் மயலினும் கலந்திருந்தால் கியூஎஸ்எம்மில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். தலாமஸின் சில பகுதிகளிலும், குளோபஸ் பேலிடஸை ஊடறுத்துப் போகும் வெள்ளை இழைகளிலும் இந்தச் சிக்கல் வரும். வரவும் செலவும் சமமாக இருக்கும் கடையைப் பார்த்து, இங்கே வியாபாரமே நடக்கவில்லை என்று சொல்வது போலாகிவிடும். அப்போது ஸ்லைடைத்தான் எடுத்தாக வேண்டும்.

7 டெஸ்லா எதற்கு? நம் மருத்துவமனையில் 3 டெஸ்லா போதவில்லையா?

டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் வலுவை அளக்கும் அலகு. பெரும்பாலான நோய்களுக்கு 1.5-உம் 3-உம் தாராளம். சிங்கப்பூரின் தரைக்கு இருக்கும் பூமியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் 3 டெஸ்லா என்பதே ஏறக்குறைய எழுபதாயிரம் மடங்கு.

7 டெஸ்லாவில் இரண்டு லாபம். சமிக்ஞை வலுக்கிறது, அதனால் ஒவ்வொரு படப்புள்ளியையும் இன்னும் சிறிதாக்கலாம். இரும்பு உண்டாக்கும் தாளத் தப்பும் புலத்தோடு சேர்ந்து பெரிதாகிறது, அதனால் 3 டெஸ்லாவில் மங்கலாகத் தெரிந்தது இங்கே பளிச்சென்று தெரியும். குளோபஸ் பேலிடஸை உள், வெளி என இரண்டாகப் பிரிக்கும் மெல்லிய தகட்டைத் தெளிவாகப் பார்த்தபோது எனக்கு முதன்முதலில் கண்ணாடி போட்டுக்கொண்ட நாள் நினைவுக்கு வந்தது.

நஷ்டமும் உண்டு. 7 டெஸ்லாவில் பயன்படும் ரேடியோ அலையின் நீளம் மூளைத் திசுவுக்குள் சுமார் 12, 13 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. கிட்டத்தட்ட தலையின் அளவு. அலைகள் ஒன்றோடொன்று மோதி, சில இடம் வெளுத்தும் சில இடம் இருண்டும் போகும். திசுவில் ஒரு மாற்றமும் இல்லாமலே படம் நிறம் மாறும். 7 டெஸ்லா படத்தைப் புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் ஏமாறுவது இதில்தான்.

நோயாளிகளுக்கான 7 டெஸ்லா கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் 2017-ல் அனுமதி கிடைத்தது. பிரான்ஸில் சக்லேயில் இருக்கும் 132 டன் எடையுள்ள இசெல்ட் கருவி 11.7 டெஸ்லா. மனித மூளையை அதில் எடுத்த முதல் படங்கள் 2024-ல் வெளியாகின. நாலே நிமிடத்தில், தளத்துக்குள் 0.2 மில்லிமீட்டர் நுணுக்கம். எனக்குப் பொறாமை.

திசுவை எப்படித் தயார் செய்கிறீர்கள்?

புதிதாக எடுத்த மூளை தாவ் ஹுவே (இளகிய சோயா இனிப்பு) மாதிரி இருக்கும். கையில் தூக்கினாலே உருமாறிவிடும். பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் சில வாரங்கள் கிடந்தபின் தாவ் குவா (கெட்டியான சோயாக் கட்டி) ஆகிவிடும், கத்தி வைக்கலாம். (என்னோடு சாப்பிட வருபவர்கள் இந்த உவமையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வேறு நல்லது கிடைக்கவில்லை.) பிறகு துண்டு போட்டு, ஆல்கஹாலில் நீர் நீக்கி, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்குச் சீவி, ஸ்லைடில் ஒட்டிச் சாயமேற்ற வேண்டும். இரும்பின் அளவையே நேராக எடுக்கப்போகிறோம் என்றால் எஃகுக் கத்தியைத் தவிர்த்துப் பீங்கான் கத்திக்கு மாறிவிடுவோம். இரும்பைத் தேடும் இடத்தில் நாமே இரும்பைத் தூவக் கூடாது, இல்லையா?

சாயங்களில் எனக்குப் பிடித்தது பெர்ல்ஸ். ஜெர்மானியரான மாக்ஸ் பெர்ல்ஸ் 1867-ல் அறிமுகப்படுத்தியது. பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்து, இரும்பு இருக்கும் இடத்தில் பிரஷ்யன் நீலத்தை உண்டாக்கும். குளோபஸ் பேலிடஸ் சீவலில் இந்த நீலம் கண்ணெதிரே ஏறுவதைப் பார்ப்பது தனி சுகம். மயலினுக்கு 1953-ல் வந்த லக்சால் ஃபாஸ்ட் புளூ. அதுவும் நீலம்தான், புதிதாக வரும் மாணவர்கள் ஒரு தடவையாவது இரண்டையும் மாற்றிச் சொல்வார்கள். நரம்பணுக்களுக்கு நிஸ்ஸில் சாயம். குறிப்பிட்ட புரதங்களுக்கு எதிர்ப்பொருள் கொண்டு சாயமேற்றுவது தனிக் கலை.

சரி, இரண்டையும் எப்படிப் பொருத்துவது? படத்தை மேலே போட்டால் போதாதா?

போதும் என்றால் நான் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அளவிலிருந்து தொடங்கலாம். எம்ஆர்ஐயின் ஒரு படப்புள்ளி அரை மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். பத்து மைக்ரான் சீவல்கள் ஐம்பதை அடுக்கினால்தான் அந்த ஒரு புள்ளியின் கனம் வரும். அடுக்கடுக்கான கூ லாப்பிஸ் கேக்கின் ஒரே ஓர் அடுக்கை உரித்துக் காட்டி, முழுக் கேக்கும் இந்த நிறம்தான் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு சீவலையும் சாயமேற்றவும் முடியாது, பத்துக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று என்று எடுக்கிறோம்.

அடுத்தது உருமாற்றம். நீர் நீக்கி மெழுகில் பதிக்கும்போது திசு நன்றாகவே சுருங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் சீவலை மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்தும்போது இழுபடும், மடியும், ஓரம் கிழியும். இடது வலது மாறித் தலைகீழாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதனாலேயே துண்டின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு வெட்டுக்குறி போட்டுவிடுவோம். இதை மறந்துபோய் ஒரு முழு நாள் தலையைச் சொறிந்த கதையை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆகவே நடுவில் ஒரு சாட்சி வேண்டும். மைக்ரோடோம் கத்தி ஒவ்வொரு தடவை இறங்குவதற்கு முன்பும், வெட்டப்படாத துண்டின் முகத்தைப் போட்டோ எடுத்துவைப்போம். அது இன்னும் கிழியாத, மடியாத முகம். சீவலை முதலில் அந்தப் போட்டோவோடு பொருத்துவோம், போட்டோக்களை அடுக்கி முப்பரிமாணமாக்கி எம்ஆர்ஐயோடு பொருத்துவோம். இழுத்தும் சுருக்கியும் மென்பொருள் கணக்குப் போடும். ரத்தக்குழாய்களின் குறுக்குவெட்டும் மூளை அறைகளின் விளிம்பும் நமக்கு அடையாளக் கற்கள். கடைசியில் மனிதக் கண்தான் ஒப்புதல் தரவேண்டும். மென்பொருள் எதையும் எதோடும் பொருத்திக் காட்டிவிடும், கேட்டால் மாட்டேன் என்று சொல்லாது.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்தது. ஃபார்மலினில் பதப்படுத்திய ஒரு மூளையை, ஹைட்ரஜனே இல்லாத ஒரு திரவத்தில் அமிழ்த்தி இரவு முழுக்கப் படமெடுத்தோம். அந்தத் திரவம் படத்தில் தெரியாது, திசு மட்டும் தெரியும். சப்தலாமிக் நியூக்ளியஸுக்கு உள்பக்கமாக அட்டகாசமான ஒரு கறுப்புப் புள்ளி. இரும்புக் குவிப்பு என்று நானே சொல்லி, அதற்காகத் தனியாக ஒரு வரிசைச் சீவல்களும் போட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பெர்ல்ஸ் வந்தது. அந்த இடத்தில் நீலமே இல்லை. மூளையின் மூன்றாம் அறையில் ஒரு காற்றுக் குமிழ் சிக்கியிருந்திருக்கிறது. காற்றுக்கும் திசுவுக்கும் காந்தத் தன்மையில் பெரிய வித்தியாசம் உண்டு, அதனால் ஒரு குட்டிக் குமிழ்கூடத் தன் அளவைவிடப் பெரிய கறுப்பைப் பரப்பிவிடும். இப்போதெல்லாம் படமெடுக்கும் முன் வெற்றிடப் பம்பில் வைத்து, பொறுமையாகக் குமிழ் எடுக்கிறோம்.

இறந்தவர் மூளையில் பார்ப்பது உயிருள்ளவர் மூளைக்குப் பொருந்துமா?

பகுதி பொருந்தும், பகுதி பொருந்தாது. ஃபார்மலின் திசுவின் டி1, டி2 நேரங்களை, அதாவது ஹைட்ரஜன் கருக்கள் பழைய நிலைக்கு மீளவும் சமிக்ஞை அடங்கவும் ஆகும் நேரங்களை, குறைத்துவிடும். சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் நடுவே டி1 படத்தில் இருக்கும் பளிச்சென்ற வேறுபாடு மங்கும், சில சமயம் தலைகீழாகவும் போகும். வெப்பநிலையும் வேறு. உடம்பில் 37 டிகிரி, ஆய்வுக்கூடத்தில் குளிர்சாதன அறை. சிரைகளில் ஓடும் ரத்தம் இல்லை, உறைந்த ரத்தம் உண்டு. இரும்பினால் வரும் டி2 ஸ்டார் கறுப்பு மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. ஆழ்மூளையில் இந்த ஒப்பீடு மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் நம்பிக்கையாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இறந்தவருக்கு ஒரே ஒரு வசதி: அசைய மாட்டார். அமெரிக்காவில் 58 வயதில் காலமான ஒரு பெண்ணின் மூளையை 7 டெஸ்லாவில் சுமார் நூறு மணி நேரம் வைத்து, 100 மைக்ரான் நுணுக்கத்தில் படமெடுத்து 2019-ல் வெளியிட்டார்கள். உயிரோடு இருப்பவரை அரை மணி நேரம் அசையாமல் படுக்கவைப்பதே பெரும்பாடு. திசுவியல் பக்கத்தில், 2013-ல் வெளியான பிக்பிரெய்ன் ஒரு 65 வயதுப் பெண்ணின் மூளையை 20 மைக்ரான் கனத்தில் 7,404 சீவல்களாக்கியது. நினைத்துப் பார்த்தாலே எனக்குக் கை வலிக்கிறது.

இதனால் அறுவை சிகிச்சைக்கு ஏதாவது பலன் உண்டா?

உண்டு. மூளைக்குள் மின்முனை வைத்துத் தூண்டும் டிபிஎஸ் சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸின் கிரெனோபிளில் பெனாபித் குழு 1987-ல் தலாமஸில் தொடங்கி, 1990-களில் சப்தலாமிக் நியூக்ளியஸுக்குப் போனது. பரவலாகப் பயன்பட்ட மின்முனையின் குறுக்களவு 1.27 மில்லிமீட்டர். இலக்கு ஒரு சின்னப் புளியங்கொட்டை. இரண்டு மில்லிமீட்டர் தவறினால் பக்கத்து இழைகள் தூண்டப்பட்டு வாய் குழறும், கை இழுக்கும்.

டி2 படத்தில் சப்தலாமிக் நியூக்ளியஸ் கறுப்பாகத் தெரியும், அதைப் பார்த்துக் குறிவைக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 2004-ல் பிரெஞ்சுக் குழு ஒன்று படத்தையும் திசுவையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது சங்கடமான ஒரு விஷயம் தெரிந்தது: அந்தக் கறுப்பு முன்பாதியின் இரும்பு. பின்பாதியில் இரும்பு குறைவு, அதனால் அது படத்தில் சுற்றுப்புறத்தோடு கரைந்துபோகிறது. அசைவுக்கான பகுதி, அதாவது அறுவை நிபுணருக்கு வேண்டிய பகுதி, பெரும்பாலும் பின்பக்கமும் வெளிப்பக்கமுமாக இருக்கிறது. படம் நன்றாகக் காட்டுகிற இடமும் நமக்கு வேண்டிய இடமும் ஒன்றில்லை. திசுவோடு ஒப்பிடாமல் இது யாருக்கும் தெரிந்திருக்காது. படத்தின் கறுப்பு முடிகிற இடத்தில் சப்தலாமிக் நியூக்ளியஸும் முடிகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்திருப்போம்.

தூக்கணாங்குருவி வாலோ என்னவோ, பார்க்கின்சனுக்கு ஒரு அடையாளம் சொல்கிறார்களே?

குருவிதான், ஆனால் தகைவிலான் குருவி. ஆரோக்கியமான சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் பின்பகுதியில், இரண்டு கறுப்புக் கோடுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரியும். பார்க்க அந்தக் குருவியின் பிளந்த வால் போல இருக்கும். பார்க்கின்சன் நோயாளிகள் பலரிடம் இந்த வெள்ளை மறைந்துவிடுகிறது.

இதன் பின்னால் இருக்கும் திசுக் கதை சுவையானது. சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் டோபமின் நரம்பணுக்களில் நியூரோமெலனின் என்ற கரும்பழுப்பு நிறமி இருக்கிறது. சாயமே வேண்டாம், வெறுங்கண்ணுக்கே கறுப்பாகத் தெரியும். 1999-ல் டாமியே குழுவினர் கால்பிண்டின் என்ற புரதத்துக்குச் சாயமேற்றி, அந்தச் சாயம் ஏறாத ஐந்து தீவுகளைக் கண்டார்கள். நைக்ரோசோம்கள் என்று பெயர் வைத்தார்கள். பார்க்கின்சனில் நரம்பணு இழப்பு மிகக் கடுமையாக இருந்தது அவற்றில் முதலாவதில். எம்ஆர்ஐயில் தெரியும் அந்த வெள்ளைக் கோடுதான் நைக்ரோசோம் 1 என்று 2013 வாக்கில் ஒப்பீடுகள் வந்தன. கண்ணுக்குக் கறுப்பாக இருக்கும் திசு எம்ஆர்ஐயில் வெள்ளை! சுற்றியிருப்பதைவிட அங்கே இரும்பு குறைவு என்று காரணம் சொன்னார்கள்.

அதோடு முடிந்தது என்று பார்த்தால், 2022-ல் மறுபடியும் திசுவை முப்பரிமாணமாக அடுக்கிப் பொருத்திப் பார்த்தவர்கள், வெள்ளைக் கோடும் நைக்ரோசோம் 1-உம் ஓரளவுதான் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன, இரண்டும் ஒன்றே என்று சொல்ல முடியாது என்றார்கள். அடையாளம் மருத்துவருக்கு உதவுவது மாறவில்லை. அது எதன் அடையாளம் என்பதில்தான் சண்டை. என்னைக் கேட்டால், பத்து வருடம் பாடமாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றை மீண்டும் ஸ்லைடு போட்டுச் சோதித்த துணிச்சலுக்கே ஒரு சபாஷ் போடலாம்.

அப்பாவின் எம்ஆர்ஐயைக் கொண்டுவந்தால் பார்க்கின்சனா என்று பார்த்துச் சொல்வீர்களா?

மாட்டேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரும் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, அப்பா எப்படி நடக்கிறார், கை எப்படி நடுங்குகிறது, மருந்துக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்வார். பலதுறை மருந்தகத்தில் சொல்லி நரம்பியல் நிபுணரிடம் பரிந்துரை வாங்குங்கள்.

இந்தத் துறைக்கும் சிங்கப்பூருக்கும் என்ன சம்பந்தம்?

நினைப்பதைவிட அதிகம். அறுவை நிபுணர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தது ஷால்டன்பிராண்ட், வாரன் இருவரின் 1977-ஆம் ஆண்டு மூளை வரைபடத் தொகுப்பு. உண்மையான மூளைச் சீவல்களிலிருந்து வரைந்தது. மூன்று கோணங்களில் வெட்டிய வரிசைகளும் வெவ்வேறு மூளைகளிலிருந்து வந்தவை, அதனால் ஒரு கோணத்தில் குறித்த புள்ளி இன்னொரு கோணத்தில் கச்சிதமாக உட்காராது. 1990-களில் வீஸ்லாவ் நொவின்ஸ்கி சிங்கப்பூரில் தன் குழுவோடு இந்தத் தொகுப்பை மின்வடிவமாக்கினார். 1997-ல் அது குறுந்தகடாக வந்தது, பிறகு அறுவைத் திட்டமிடும் கருவிகளுக்குள்ளும் போனது.

அப்புறம் பிரெய்ன் பேங்க் சிங்கப்பூர் என்ற மூளை வங்கி. நன்யாங் பல்கலையின் லீ கொங் சியன் மருத்துவப் பள்ளி, தேசிய சுகாதாரப் பராமரிப்புக் குழுமம், தேசிய நரம்பியல் கழகம் மூன்றும் சேர்ந்து 2019 நவம்பரில் தொடங்கின. வெளிநாட்டு வங்கிகளின் திசுக்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. இங்கே சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லோரும் இருக்கிறோம்.

இறந்தால் உறுப்பு எடுக்கும் சட்டம் இருக்கிறதே, மூளையையும் எடுத்துவிடுவார்களா?

இல்லை. நீங்கள் சொல்லும் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் சிறுநீரகம், இதயம், கல்லீரல், கண்ணின் கருவிழிப்படலம் ஆகிய நான்குக்கு மட்டும்தான், அதுவும் பிறருக்குப் பொருத்துவதற்கு. ஆராய்ச்சிக்கு மூளையைக் கொடுப்பது முழுக்க நீங்களாக விரும்பி எழுதிக்கொடுப்பது. எழுதிக்கொடுத்தால் வீட்டிலும் சொல்லிவையுங்கள். மூளைத் திசு சீக்கிரம் கெடும், தகவல் சொல்லத் தாமதமானால் பயன்படாமல் போய்விடும்.

சடங்கு பற்றிக் கவலைப்படுபவர்கள் உண்டு. உடல் குடும்பத்திடமே திரும்பி வரும், முகம் கெடாது. மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோவதில் மாற்றம் எதுவும் இல்லை.

தாலியைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

அத்தனை அத்தைகளும் கேட்டாகிவிட்டது. தங்கம் காந்தத்தில் ஒட்டாதுதான். ஆனால் கொக்கியிலும் கலப்பிலும் என்ன உலோகம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தங்கமே ஆனாலும் மின்சாரம் கடத்தும், ரேடியோ அலையில் சூடாகலாம், படத்தையும் கோணலாக்கும். தாதி கழற்றச் சொன்னால் கழற்றிவிடுங்கள். மஞ்சள் கயிற்றை மட்டும் கட்டிக்கொண்டு போக முடியுமா என்பதை அவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள்.

உடம்புக்குள் பேஸ்மேக்கர், ஸ்டென்ட், டிபிஎஸ் எது இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். 1.5 அல்லது 3 டெஸ்லாவுக்குச் சரி என்று சான்று பெற்ற பொருள் 7 டெஸ்லாவுக்கும் சரி என்று அர்த்தமில்லை. 7 டெஸ்லாவுக்குள் போகும்போது சிலருக்குத் தலை சுற்றும், நாக்கில் உலோகச் சுவை தட்டும். வெளியே வந்தால் சரியாகிவிடும்.

படத்தில் நீங்கள் வரையும் எல்லைக்கோடு, உண்மையிலேயே மூளைக்குள் அங்கே இருக்கிறதா?

எந்தச் சாயத்தின் எல்லை என்று நான் திருப்பிக் கேட்பேன். சப்தலாமிக் நியூக்ளியஸும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், நிஸ்ஸில் சாயம் நரம்பணுக்களின் அடர்த்தியை வைத்து ஒரு கோடு போடச் சொல்லும். பெர்ல்ஸ் இரும்பு மாறுகிற இடத்தில் இன்னொன்று போடச் சொல்லும். மயலின் சாயத்துக்கு இழைகள் நுழைகிற இடம்தான் எல்லை. மூன்றும் அடுத்தடுத்த சீவல்கள், மூன்றும் நல்ல ஸ்லைடுகள், கோடுகள் மட்டும் ஒன்றில்லை.

போன மாதம் என் மேசைக்கு வந்த ஒரு துண்டில், சக ஆய்வாளர் நிஸ்ஸிலைப் பார்த்துச் சிவப்பில் வரைந்தார், நான் பெர்ல்ஸைப் பார்த்து நீலத்தில் வரைந்தேன். நடுவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. எம்ஆர்ஐயின் கறுப்பு விளிம்பு என் நீலக்கோட்டை ஒட்டிப் போனது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். "அதுவும் இரும்பைத்தானே பார்க்கிறது, உன் பக்கம்தான் சாட்சி சொல்லும்" என்றார் அவர். கோப்பைச் சேமிக்கும்போது இரண்டு கோடுகளையும் அப்படியே விட்டுவைத்தோம்.